குலசை வானமும் மூன்று அங்குல லென்ஸும்

குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் துருவ நட்சத்திரத்தைக் காட்டச் சொன்னால் சிரமம். ஊர் இருப்பது வடக்கே 8 பாகை 24 நிமிட அட்சரேகையில். துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய அதே உயரத்தில்தான், பனங்கூட்டத்தின் தலைக்குள் செருகிக்கொண்டு நிற்கும். புழுதியோ மூட்டமோ கொஞ்சம் இருந்தாலும் அதுவும் தெரியாது. தெற்கே திரும்பினால் கதை வேறு. மணப்பாடு முனையைத் தாண்டிவிட்டால் கடல். அதே நேர்கோட்டில் அண்டார்டிகா வரை நிலம் கிடையாது. இஸ்ரோ தன் அடுத்த ஏவுதளத்துக்கு இந்தக் கரையைத் தேர்ந்ததும் இந்தத் திறந்த தெற்கைப் பார்த்துத்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையைத் தவிர்த்து வளைந்து போக வேண்டும். எஸ்.எஸ்.எல்.வி. மாதிரிச் சின்ன ராக்கெட்டுக்கு அந்தச் சுற்று கட்டுப்படியாகாது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அன்றைக்கே இங்கிருந்து ரோகிணி-200 என்ற சிறு ராக்கெட் ஒன்று மேலே போனது.

வானம் பார்க்கிறவருக்கும் இந்தத் தெற்குதான் சொத்து. தை, மாசி மாலைகளில் அகத்திய நட்சத்திரம் 29 பாகை உயரம் ஏறும். பொதிகையில் தாமிரபரணியைப் பிறப்பித்ததாகச் சொல்வார்களே, அந்த அகத்தியரின் பேரில் உள்ள நட்சத்திரம். சித்திரை, வைகாசியில் திரிசங்கு என்று நம்மவர்கள் சொன்ன தென்சிலுவை கடலுக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். அதற்கு இடப்பக்கம் ஆல்பா சென்டாரி 20 பாகையைத் தாண்டும். லண்டனிலோ நியூயார்க்கிலோ இருந்து தொலைநோக்கி வாங்க யோசனை எழுதுகிறவர்களுக்கு இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. அவர்கள் எழுதியதை அப்படியே நம்பி இந்தக் கரையில் கருவி வாங்குவதில் சில சங்கடங்கள் உண்டு. அதற்கு வருவதற்கு முன்னால் பழைய கதை கொஞ்சம் பார்த்துவிடலாம்.

தமிழ்க் கரையில் தொலைநோக்கி வைத்துச் செய்த முதல் பெரிய கண்டுபிடிப்பே அந்த ஆல்பா சென்டாரிதான். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்நட்சத்திரத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்த யேசு சபைப் பாதிரியார் ழான் ரிஷோ, பக்கத்தில் இருந்த அந்த நட்சத்திரம் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார். அவர் கையில் இருந்த கருவி 12 அடி நீளம். அந்தக் காலத்துப் பொருளருகு லென்ஸ் ஒற்றைக் கண்ணாடி. ஒற்றை லென்ஸ் சிவப்பை ஓரிடத்திலும் நீலத்தை வேறோரிடத்திலும் குவிக்கும்; பார்க்கும் பொருளைச் சுற்றி வண்ணக் கரை கட்டும். அதைக் குறைக்க ஒரே வழி குவியத் தூரத்தைக் கூட்டுவது. ஆகவே குழாய் நீண்டுகொண்டே போனது.

1758-இல் லண்டனில் ஜான் டாலண்ட் காப்புரிமை வாங்கிய இரட்டை லென்ஸ்தான் அந்த நீளத்தை வெட்டியது. க்ரவுன் கண்ணாடியில் ஒன்று, ஃபிளின்ட் கண்ணாடியில் ஒன்று. ஒன்று பிரித்த நிறத்தை மற்றொன்று பெருமளவு கூட்டிச் சேர்த்துவிடும். 28 ஆண்டுகள் கழித்து, 1786-இல், சென்னை எழும்பூரில் தன் தோட்ட வீட்டில் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கும்பெனி அதிகாரி வைத்துக்கொண்ட சொந்த வானாய்வு நிலையத்தில் இப்படிப்பட்ட லென்ஸ் தொலைநோக்கிகள் இரண்டு இருந்தன. வாய் அகலம் மூன்று அங்குலம். கூடவே இரண்டு வானியல் கடிகாரங்களும் ஒரு டிரான்ஸிட் கருவியும். அவற்றை அவர் கும்பெனிக்குக் கொடுக்க, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. கருவி அசையாமல் இருப்பதற்காக அங்கே நிறுத்திய 10 டன் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இருக்கிறது. பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று அதில் தமிழிலும் எழுதிவைத்தார்கள்.

மூன்று அங்குலம் என்றால் 76 மில்லிமீட்டர். அன்று ஒரு பேரரசின் தென்னகத் தலைநகருக்கு அதுவே கருவி. இன்று உடன்குடியில் பிளஸ் டூ படிக்கிற பையன் 70 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கியைப் பத்து, பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டு, வீட்டுத் திண்ணையில் வாங்கிக்கொள்கிறான். லென்ஸ் மேல் பூசும் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு பெட்ரிக்குக் கிடைக்காத ஒன்று. கண்ணாடியின் தரத்தில் அந்தப் பையன் கும்பெனியை விட ஒரு படி மேலே. தூண் மட்டும் அவனுக்கு இல்லை. பெட்டியில் வருவது அலுமினிய முக்காலி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு காலம் இருந்தது. நினைவில் நிற்பது 1986. ஹாலி வால்நட்சத்திரம் ஏப்ரல் 11 அன்று பூமிக்கு மிக அருகில் வந்தது. அது அப்போது வானத்தின் தென்கோடியில் இருந்தது. லண்டனில் அடிவானத்துக்கு மேலே வரவே இல்லை; குலசையில் 34 பாகை உயரத்தில், கைக்கு எட்டுவது போல. குலசை அப்போது இன்னும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. மாவட்டத்தைப் பிரித்தது அதே ஆண்டு அக்டோபரில். அத்தனை வாகான இடத்தில் இருந்தும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அதைத் தொலைநோக்கியில் பார்த்தவர்கள் சொற்பம். இறக்குமதிக்கு லைசென்ஸ், சுங்கம் என்று இருந்த நாட்கள். சில பள்ளிக்கூட ஆய்வகங்களில் 60 மி.மீ. கருவி இருந்ததுண்டு, இருந்த இடம் பூட்டிய அலமாரி, சாவி தலைமையாசிரியர் மேசையில். ஆர்வம் தாங்காதவர்கள் கண்ணாடிக் கடையில் ‘பிளஸ் ஒன்’ பவர் லென்ஸ் ஒன்று வாங்கி, ஒரு மீட்டர் நீளக் குழாயின் ஒரு முனையில் ஒட்டி, மறுமுனையில் வாட்ச் ரிப்பேர்க்காரரின் லூப்பை வைத்துப் பார்த்தார்கள். ரிஷோவின் ஒற்றை லென்ஸ்தான் அது, 300 ஆண்டு கழித்து. லென்ஸின் முன்னால் ஓட்டை போட்ட அட்டையை வைத்து வாயை மூன்று சென்டிமீட்டராகக் குறுக்கினால் வண்ணக் கரை அடங்கும். நிலாவின் குழிகளும் வியாழனின் நான்கு நிலாக்களும் தெரியும். 1987-இல் நெல்லை கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் வந்தது. அறிவியல் இயக்கத்துக்காரர்கள் ஊர் ஊராக வந்து வானம் காட்டினார்கள். ஒரு கருவிக்குப் பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நிற்பார்கள். ஒருவருக்கு அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் சனியின் வளையத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்று வரிசை இல்லை. வீட்டுக்கு ஒரு கருவி வாங்கலாம். வாங்கும் இடத்தில்தான் குழப்பம்.

“அண்ணாச்சி, பெட்டியில 525 எக்ஸ்னு போட்டிருக்குல்லா, அப்ப நல்ல டெலஸ்கோப்தான?” என்று ஒரு பையன் கேட்டான். பெட்டியில் இருப்பது எண். வானத்தில் கிடைப்பது வேறு. பெருக்கம் என்பது பொருளருகு லென்ஸின் குவியத் தூரத்தை, கண்ணருகு லென்ஸான ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தது, அவ்வளவுதான். 700 மி.மீ. குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 28 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 70. நான்கு மி.மீ. ஐபீஸும் அதன் முன்னால் பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸும் செருகினால் 525 வரத்தான் செய்யும். கலங்கிய மஞ்சள் உருண்டை ஒன்று தெரியும். வியாழன் என்று நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். வாய் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ அதன் இரு மடங்கு வரைதான் பெருக்கம் பயன்படும். 70-க்கு 140, 80-க்கு 160. அன்றைய 60 மி.மீ. கருவிகளின் பெட்டியிலும் இதே பொய் அச்சாகித்தான் வந்தது. ஐபீஸ் மட்டும் மாறியிருக்கிறது: அன்று விரல் கனத்துக்கு ஒரு சிறு ஐபீஸ், சாவித்துளை வழியாகப் பார்க்கிற மாதிரி. இன்று ஒன்றேகால் அங்குல ப்ளாசல் ஐபீஸ் சாதாரணம். இரண்டு வாங்கினாலே போதும், 25 ஒன்றும் 10 ஒன்றும்.

நிறத்தின் பழைய கடனும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. இரட்டை லென்ஸிலும் கொஞ்சம் ஊதா மிச்சம் இருக்கும். குழாய் குட்டையாக ஆக அது கூடும். 80 மி.மீ. வாயும் 400 மி.மீ. குவியத் தூரமும் உள்ள குட்டைக் கருவியை விடிவெள்ளி மேல் திருப்பிப் பாருங்கள்: பிறைக்கு ஊதா நிறத்தில் முக்காடு போட்டிருக்கும். அதே 80 மி.மீ. வாய், 900 மி.மீ. நீளக் குழாய் என்றால் அந்த முக்காடு மெலிந்து, தேடினால்தான் தெரியும். இப்போது ‘ஈ.டி.’ என்ற தனிவகைக் கண்ணாடி வந்துவிட்டது. அதில் செய்த 80 மி.மீ. லென்ஸ் அரை மீட்டர்க் குழாயிலேயே நிறத்தை அடக்கிவிடுகிறது. ரிஷோவுக்கு 12 அடி, இதற்கு ஒன்றரை அடி. விலை மட்டும் சாதாரண இரட்டை லென்ஸைப் போலப் பல மடங்கு. படம் எடுக்கிறவருக்கு அது தேவை. கண்ணால் பார்க்கிறவருக்கு நீளக் குழாயே போதும் என்பது என் கட்சி.

அதே காசுக்கு 130 மி.மீ. குழியாடித் தொலைநோக்கி கிடைக்குமே என்று கேட்பார்கள். கிடைக்கும், நாகர்கோவிலுக்கோ தென்காசிக்கோ என்றால் நானே அதைத்தான் சொல்வேன். குலசை உப்பளத்து ஊர். கொண்டல் காற்று அடிக்கிற இரவில் இரண்டு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு லென்ஸின் மேல் டார்ச்சைச் சரித்து அடித்துப் பார்த்தால், குண்டூசி முனையை விடச் சிறிய புள்ளிகள் ஆயிரம் மின்னும். எல்லாம் உப்பு. திறந்த குழாயின் அடியில் கிடக்கும் ஆடியின் அலுமினியப் பூச்சை அது சில ஆண்டில் தின்றுவிடும். லென்ஸ் குழாய் மூடியது. உப்பு முன்முகத்தோடு நிற்கிறது. அதையும் வேட்டி முனையால் துடைத்துவிடக் கூடாது. உப்புத்துகள் கண்ணாடியைக் கீறிவிடும். ரப்பர் பல்பால் ஊதி, பிறகு லென்ஸ் திரவத்தில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். முன்னால் நீட்டியிருக்கும் பனித்தடுப்புக் குழல் குட்டையாக இருந்தால் கறுப்பு ஃபோம் ஷீட்டைச் சுருட்டி இன்னும் ஒரு சாண் நீட்டிக்கொள்ளலாம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் கட்டாயம். இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை கிளை விடும்.

அட்சரேகை விவகாரத்துக்கு வருகிறேன். ‘ஈக்விடோரியல்’ மவுன்ட் என்று ஒன்று விற்கிறார்கள். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராகத் திருப்பிவிட்டால் ஒரே திருகில் நட்சத்திரத்தைப் பின்தொடரலாம். ஐரோப்பாவில் அது வரம். இங்கே அச்சு கிட்டத்தட்டப் படுத்த மாதிரி, எட்டு பாகையில் இருக்க வேண்டும். சிறிய மவுன்ட்கள் பலவற்றை அந்த அளவுக்கு இறக்கினால் எதிரெடை முக்காலிக் காலில் இடிக்கும். பார்த்துத் திருப்பிக்கொள்ளத் துருவ நட்சத்திரமும் பெரும்பாலும் தெரியாது. குலசைக்கு மேலும் கீழும், இடமும் வலமும் திரும்புகிற எளிய மவுன்ட்தான் சரி.

இன்னொன்று, கோள்கள் இங்கே தலைக்கு மேலே போகும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியனே நடு உச்சிக்கு வந்துவிடுகிற இடம். வியாழன் எந்த ஆண்டாக இருந்தாலும் உச்சம் தொடும்போது 58 பாகைக்குக் குறையாது. லண்டனில் அது 15 பாகையோடு நின்றுவிடும் ஆண்டுகள் உண்டு. காற்று மெல்லிய உச்சியில் கோளைப் பார்ப்பது பெரிய பாக்கியம், ஆனால் குழாய் மேலே நிமிர நிமிர ஐபீஸ் கீழே இறங்கும், 90 செ.மீ. குழாய்க்காரர் மணலில் மண்டியிடுவார். இதற்குத்தான் 90 பாகை திரும்பும் டயகனல். பெட்டியில் வருவது பெரும்பாலும் மரம், கோபுரம் பார்ப்பதற்கான 45 பாகைப் பட்டகம், கழுத்தை ஒடிக்கும். முதல் செலவு இந்த டயகனலாக இருக்கட்டும். இரண்டாவது செலவு முக்காலி. ஆனி, ஆடியில் கச்சான் காற்று தேரிச் செம்மணலை அள்ளிக்கொண்டு வரும்போது வானம் பார்க்கிற வேலையே வேண்டாம். மற்ற நாளிலும் மெல்லிய முக்காலி நடுங்கும். கால்களை முழுதும் நீட்டாமல், நடுவில் பத்துக் கிலோ மணல் பையைக் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு காலுக்கும் அடியில் பலகைத் துண்டு வைத்தால் நிற்கும். நுங்கம்பாக்கத்துத் தூணுக்கு நம்மால் ஆன மாற்று.

இத்தனையும் சேர்த்துப் பார்க்கும்போது கருவி விஷயத்தில் இன்று யாரும் குறை சொல்ல முடியாது. இருட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹாலி வந்த காலத்தில் ஊருக்குள் குண்டு பல்பும் டியூப் லைட்டுமாகத் தெருவிளக்குகள். பத்து மணிக்கு மேல் கரண்ட் போனால் பால்வீதி கூரைக்கு மேல் கிடக்கும். இப்போது வெள்ளை எல்.இ.டி. விடிய விடிய எரிகிறது. வடக்கே கல்லாமொழியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட உடன்குடி அனல்மின் நிலையம் எழுந்து, அந்தப் பக்கத்து அடிவானம் வெளுத்துவிட்டது. தெரு வெளிச்சம் பெண்களுக்கும் இரவு வேலைக்குப் போகிறவர்களுக்கும் எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரிந்தவர் யாரும் பழைய இருட்டு திரும்ப வேண்டும் என்று கேட்கமாட்டார்கள். நானும் கேட்கவில்லை. விளக்குகளுக்கு மேலே ஒரு மூடி இருந்தால் போதும். கிழக்கும் தெற்கும் இன்னும் கடல். படகு விளக்குகளைத் தவிர இருட்டு. மே மாத மாலையில் ஹாலி நின்ற அதே 34 பாகை உயரத்தில் ஓமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து வரும். ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரம். 80 மி.மீ. லென்ஸில், 28 மடங்கில், ஊதிவிட்ட அரிசி மாவு போலத் தெரியும். ஐரோப்பியர் பலர் இதைப் பார்க்க விமானம் ஏறுகிறார்கள்.

தேடுவதும் மாறிவிட்டது. முன்பு அச்சடித்த நட்சத்திர வரைபடம், டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள், மொட்டை மாடியில் சப்தரிஷியிலிருந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டு சுவாதிக்கும் சித்திரைக்கும் போவது. ஒரு மாசிக்கும் அடுத்த மாசிக்கும் இடையில் வானம் மனப்பாடம் ஆகிவிடும். இன்று போனை மேலே காட்டினால் பெயர் எழுதி வருகிறது. இப்போது அதற்கும் ஒரு படி மேலே ‘ஸ்மார்ட்’ தொலைநோக்கி. 2023-இல் வந்த சீஸ்டார் எஸ்50-இல் 50 மி.மீ. லென்ஸ், 250 மி.மீ. குவியத் தூரம், உள்ளே கேமரா, ஐபீஸே கிடையாது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். தானே திசை கண்டுபிடித்து, பத்துப் பத்து விநாடியாகப் படம் எடுத்து அடுக்கி, கண்ணால் 300 மி.மீ. கருவியிலும் தெரியாத சிவப்பு முகில்களைப் போன் திரையில் விரிக்கிறது. அனல்மின் நிலைய வெளிச்சத்தையும் ஓரளவு கழித்துத் தள்ளிவிடுகிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். கண்பார்வை மங்கிய தாத்தாவும் பார்க்கலாம். அது பெரிய விஷயம். ஆனால் ஐபீஸில் விழும் ஒளி சனியிலிருந்து நேராக வந்து கண்ணுக்குள் முடிகிறது. திரையில் விழுவது படம். பையன்களுக்கு இந்த வித்தியாசம் பொருட்டாக இல்லை, எனக்கு இருக்கிறது.

குலசைத் தசராவுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். விஜயதசமி இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிகிறபோது வளர்பிறைத் தசமி நிலா மேற்கே சாய்ந்திருக்கும். அத்தனை மின்விளக்கும் கூட்டமும் அதை ஒன்றும் செய்யாது. 70 மடங்கில் வைத்தால் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டின் வடபாதியில், சைனஸ் இரிடம் என்ற அரைவட்ட வளைகுடாவின் மலை விளிம்பில் மட்டும் வெயில் பட்டு, இருட்டுக்குள் ஒரு வளைவு தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். மாதத்தில் ஓரிரு இரவுதான் அந்தக் காட்சி. காளி வேடமும் குறவன் வேடமும் கட்டினவர்கள் குழாய்க்குள் குனிந்து பார்த்துவிட்டுப் போவதற்கு அதை விட நல்ல இரவு கிடையாது.

சூரியனுக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். 2010 ஜனவரி 15 அன்று கங்கண கிரகணத்தின் பாதையில் கன்னியாகுமரி முதல் தனுஷ்கோடி வரை இந்தக் கரை முழுதும் இருந்தது. பத்து நிமிடத்துக்கு நெருப்பு வளையம். அன்று எக்ஸ்ரே ஃபிலிமிலும் தாம்பாளத்தில் கரைத்த சாணித் தண்ணீரிலும் பார்த்தவர்களே அதிகம். பழைய 60 மி.மீ. கருவிகளோடு ஐபீஸில் திருகுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும். குவிந்த வெயிலின் சூட்டில் அது வெடித்தால் கண் போய்விடும். எங்காவது பரணில் கிடைத்தால் சுத்தியலால் உடைத்து எறியுங்கள். இன்று லென்ஸின் முன்வாயை மூடுகிற சூரிய ஃபிலிம் ஏ4 அளவில் கிடைக்கிறது. லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே போகும். அட்டையில் சட்டம் செய்து, காற்றில் பறக்காமல் டேப் போட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். 2031 மே 21 அன்று நம் பக்கத்துக்கு அடுத்த கங்கண கிரகணம் மதுரை வழியாகப் போகிறது. திருச்செந்தூரில் பஸ் ஏறினால் போதும். ஃபிலிமை அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே வாங்கி வைத்துவிடுவது நல்லது. கிரகண மாதத்தில் தேடினால் கிடைக்காது.